பச்சையா இருந்தா மரகதமா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, கல்லூரிக் கால நண்பன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வெச்சான். உள்ளே கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைக் கல். ஆப்பிள் பச்சை. நடுவில் பழுப்பு நிறத்தில் ரெண்டு மூணு நரம்பு. மனைவி பிறந்தநாளுக்கு வெள்ளி மோதிரத்தில் பதிக்கணுமாம். இணையத்தில் வாங்கினது. கவர் மேல் "பச்சை டர்க்வாய்ஸ்" என்று எழுதியிருந்தது.

"டேய், நீதான் கல்லு மண்ணுன்னு பொறுக்கிட்டு திரியுறியே, இது நல்ல கல்லான்னு சொல்லு. நாளைக்கு ஆசாரி கிட்ட குடுக்கணும். ஓரத்தை ராவினாத்தான் உக்காரும்னு சொல்லிட்டாரு."

அந்தக் கடைசி வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வெச்சது. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. சமையலறை டிஜிட்டல் தராசில் கல்லின் எடை 7.4 கிராம். அடுத்து ஒரு டம்ளர் தண்ணியைத் தராசில் வெச்சு, அளவை பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாம தண்ணிக்குள் தொங்க விட்டேன். தராசு 2.0 கிராம் காட்டியது. அது கல் ஒதுக்கின தண்ணியின் எடை. 7.4ஐ 2.0ஆல் வகுத்தா 3.7. ஆர்க்கிமிடீஸ் தாத்தா வாழ்க! டர்க்வாய்ஸின் ஒப்படர்த்தி 2.6லிருந்து 2.9க்குள் இருக்கும். மரகதம் 2.7 பக்கம். ஆக, இது ரெண்டும் இல்லை. மாலகைட் என்றால் கிட்டத்தட்ட 4 வரை வரும், ஆனா அது வரிவரியா அடர்பச்சையா இருக்கும்.

எனக்கு மனசில் வந்த பேர் காஸ்பேயைட். நிக்கல் கார்பனேட்.

நம்மில் பல பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் காஸ்பே என்று ஒரு தீபகற்பம். அங்கே கிடைத்த கனிமத்தை 1966ல் முறைப்படி விவரித்து, ஊர் பேரையே வெச்சாங்க. அதே 1966ல்தான் மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லிக்குத் தெற்கே கம்பால்டாவில் நிக்கல் தாது இருப்பது துளையிடலில் தெரிய வந்தது. பின்னால் அந்தப் பக்கத்தில், குறிப்பா விட்ஜிமூல்தா வட்டாரத்தில், காஸ்பேயைட் நல்லா கிடைச்சது. ஆழத்தில் நிக்கல் சல்பைடு தாது. அது மேலே காற்றும் தண்ணியும் பட்டுச் சிதையும்போது, நிலத்தடி நீரில் கரைந்த கார்பனேட்டோடு நிக்கல் சேர்ந்து, துருப்பிடிச்ச பாறைத் தொப்பிக்குள் பச்சையா படிஞ்சிடும். நண்பன் கல்லில் இருந்த பழுப்பு நரம்பு அந்தத் துருதான்னு என் ஊகம். 1990களிலிருந்து அமெரிக்கத் தென்மேற்கு வெள்ளி நகைகளில் இந்தக் கல் ரொம்பப் பிரபலம்.

சரி, ஏன் பச்சை? இங்கேதான் நாம எல்லாரும் ஏமாறுறோம். பச்சை என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு விளைவு. நிக்கல் அயனியைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் உட்கார்ந்தால், அது வெள்ளை ஒளியில் சிவப்பையும் ஊதாவையும் விழுங்கிட்டு நடுவில் பச்சையை விட்டுடும். மரகதத்தின் பச்சைக்குக் காரணம் குரோமியம், சிலதில் வனேடியம். மாலகைட்டுக்குச் செம்பு. கிரைசோபிரேஸ் என்று ஒரு கல், அது வெறும் சிலிக்கா, கொஞ்சம் நிக்கல் கலந்ததால் பச்சை. நாலு வீட்டுக் கதவுக்கும் ஒரே பச்சைப் பெயிண்ட் அடிச்சிருந்தா நாலும் ஒரே குடும்பம்னு சொல்லிடுவோமா?

நிக்கல் என்ற பேரே ஒரு ஏமாற்றத்தில் பிறந்ததுதான். ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் செம்பு மாதிரி சிவந்த ஒரு தாது கிடைச்சது. உருக்கிப் பார்த்தா செம்பு வரவே இல்லை. ஏதோ குட்டிச்சாத்தான் வேலைன்னு "குப்பர்நிக்கல்" என்று திட்டினாங்க. 1751ல் ஸ்வீடனில் ஆக்சல் குரோன்ஸ்டெட் அந்த மாதிரித் தாதுவிலிருந்து புது உலோகத்தைப் பிரிச்சார். திட்டே பேராகி நிலைச்சிடுச்சு :-)

அப்ப கனிமத்தை எதை வெச்சுப் பிரிக்கிறாங்க? ரெண்டே கேள்வி. உள்ளே என்ன இருக்கு? அது எப்படி அடுக்கப்பட்டிருக்கு? இதை ஒரு அலமாரியாக்கினவர் ஜெர்மானியர் ஹியூகோ ஸ்ட்ரன்ஸ், 1941ல். அந்த நூலின் ஒன்பதாம் பதிப்பு 2001ல் வந்தது. அதில் அவரோட சேர்ந்தவர் பேர் எர்னஸ்ட் நிக்கல்! பேரைக் கவனிச்சீங்களா? பெர்த் நகரில் வேலை பார்த்த அவர், மேற்கு ஆஸ்திரேலியாவின் புது நிக்கல் கார்பனேட்டுகள் பலவற்றை விவரிச்சவரும்கூட. பேர்ப் பொருத்தம் என்றால் இதுதான்.

அந்த அலமாரியில் கார்பனேட்டுகளுக்கு முக்கியமா நாலு தட்டு. நாலிலும் ஒவ்வொரு நிக்கல் கார்பனேட் இருக்கு:

1. கார்பனேட் மட்டும். தண்ணியும் இல்லை, வேறு துணையும் இல்லை. இங்கே காஸ்பேயைட். கடினம் மோஸ் அளவில் 4.5லிருந்து 5 வரை, ஒப்படர்த்தி 3.7. தூய நிலையில் எடையில் கிட்டத்தட்ட 49 சதவீதம் நிக்கல்.

2. கார்பனேட்டோடு ஹைட்ராக்சில், ஆனா தண்ணி இல்லை. இங்கே நல்லகினைட், 1981. இதுவும் மேற்கு ஆஸ்திரேலியா.

3. ஹைட்ராக்சில் இல்லை, தண்ணி மட்டும். இங்கே டாஸ்மேனியாவின் ஹெல்யரைட், 1959. இதான் வேடிக்கை. இது பச்சையே இல்லை, வெளிர் நீலம்! நிக்கல் கார்பனேட் என்றால் பச்சை என்ற விதியும் அடிபட்டுப் போச்சு.

4. ஹைட்ராக்சிலும் உண்டு, தண்ணியும் உண்டு. இங்கேதான் நம்ம வில்லன் (எனக்கு ஹீரோ) ஸராடைட்.

காஸ்பேயைட்டைப் பத்தி யாருக்கும் சண்டை இல்லை. அதன் அணுக்கள் கால்சைட் மாதிரியே அடுக்கப்பட்டிருக்கு. கால்சியம் இருந்த இடத்தில் நிக்கல். அவ்வளவுதான். இரும்பு உட்கார்ந்தா சிடரைட், துத்தநாகம் உட்கார்ந்தா ஸ்மித்சனைட், மக்னீசியம் உட்கார்ந்தா மக்னசைட். மக்னீசியமும் நிக்கலும் அளவில் கிட்டத்தட்ட ஒண்ணு. அதனால ஒண்ணு இடத்தில் ஒண்ணு சுலபமா நுழைஞ்சிடும். இயற்கையில் கிடைக்கும் காஸ்பேயைட்டில் கொஞ்சம் மக்னீசியமும் இரும்பும் கலந்தே இருக்கும்.

மக்னசைட் என்றதும் சேலத்துக்காரங்க நிமிர்ந்திருப்பீங்க. ஆமாங்க, உங்க ஊர் வெள்ளைக்கல்லேதான். அந்தப் பச்சைக் கல்லின் பங்காளி. அந்தக் குன்றுகளுக்கு ஆங்கிலேயர் வெச்ச பேர் "சாக் ஹில்ஸ்". அங்கே சாக் என்ற சுண்ணக்கட்டியே கிடையாது! வெள்ளையா தெரிஞ்சது, வெச்சுட்டாங்க. பச்சையில் மட்டும் இல்லை, வெள்ளையிலும் ஏமாந்திருக்கோம்.

இப்ப ஸராடைட். 1840களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லாங்காஸ்டர் மாவட்டத்துக் குரோமைட் சுரங்கத்தில், கருப்புக் குரோமைட் மேல் கண்ணாடி மாதிரி பளபளன்னு பச்சைப் பூச்சு கிடைச்சது. பெஞ்சமின் சில்லிமன் ஜூனியர் அதுக்கு வெச்ச பேர் "மரகத நிக்கல்". பாருங்க, அங்கேயும் மரகதம்! 1851ல் ஸ்பெயினின் கலிசியாவில் கிடைத்ததுக்கு அந்தோனியோ கில் இ ஸாரத்தே என்பவர் நினைவா ஸராடைட் என்று பேர் வந்தது. இவர் நாடக ஆசிரியர். 1845ல் ஸ்பெயினில் வந்த கல்விச் சீர்திருத்தத்தில் பெரும்பங்கு கொண்டவர். நாடகக்காரர் பேரில் ஒரு கனிமம், கனிமமும் நாடகம் போடுது.

என்ன நாடகம்னா, புத்தகத்தில் எல்லாம் இருக்கு. மூணு நிக்கல், ஒரு கார்பனேட், நாலு ஹைட்ராக்சில், நாலு தண்ணி என்று வாய்ப்பாடு இருக்கு. கடினம் 3லிருந்து 3.5, ஒப்படர்த்தி 2.6 என்று அளவும் இருக்கு. ஆனா எக்ஸ் கதிரை விட்டுப் பார்த்தா ஒழுங்கான படிக அடுக்கு தெளிவா வரமாட்டேங்குது. ஒரே கனிமமா, இல்லை ரெண்டு மூணு நிக்கல் பொருள்கள் சேர்ந்த கலவையா என்ற சந்தேகம் தீரலை. அதனால சர்வதேச கனிமவியல் சங்கத்தின் பட்டியலில் இதற்கு "கேள்விக்குரியது" என்ற அந்தஸ்து. பேர் வெச்சு 170 வருஷத்துக்கு மேல ஆகியும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கல் சேகரிக்கும் நண்பர்கள் சிலருக்கு இதில் எரிச்சல். "ஒண்ணு ஒத்துக்கணும், இல்லைன்னா பட்டியலை விட்டுத் தூக்கணும். இதென்ன ரெண்டுங்கெட்டான்?" என்பாங்க. நான் இதில் கட்சி மாறி நிற்கிறேன். தூக்கிட்டா அந்தப் பச்சைப் பூச்சுக்கு எந்தப் பேரும் இல்லாம போயிடும், அடுத்து ஆராய வர்றவனுக்குத் தடமே இருக்காது. ஒத்துக்கிட்டா, தெரியாததைத் தெரிஞ்சதா சொன்ன பாவம். முதலில் கிடைத்த இடங்களின் மாதிரிகளை யாராவது உட்கார்ந்து முழுசா ஆராயும் வரை அந்தக் கேள்விக்குறி அப்படியே இருக்கட்டும். அது அவமானம் இல்லைங்க. அந்தப் பட்டியலிலேயே ரொம்ப நேர்மையான எழுத்து அதுதான் என்பேன்.

இதெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க பாடு, நமக்கென்னன்னு கேக்கலாம். இப்ப ஆசாரி விஷயத்துக்கு வர்றேன்.

டர்க்வாய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் கலந்த பாஸ்பேட். காஸ்பேயைட்டில் பாதி எடைக்குப் பக்கமா நிக்கல். நிக்கல் சேர்மங்களை மூச்சில் இழுப்பது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வெச்சிருக்கு. டர்க்வாய்ஸ் தூசி மட்டும் நல்லதான்னு கேட்டா, எந்தக் கல் தூசியும் நல்லதில்லை. ஆனா இந்தத் தூசி வேற ரகம். அந்த ஆசாரி தன் பட்டறையில், முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாம, கல்லை உலர்வா ராவியிருப்பார். அவருக்கு யார் சொல்லியிருப்பா? கவர் மேல இருந்த ரெண்டு வார்த்தைதான் சொல்லியிருக்கணும். அது பொய் சொல்லுச்சு. பேர் தப்பா இருந்தா நஷ்டம் வாங்கினவனுக்கு மட்டும் இல்லை. உண்மையான பேரை வாழ்க்கையில் கேள்வியே படாத ஒரு மனுஷனின் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான்.

நண்பன் கிட்ட அன்னிக்கு நான் "இது காஸ்பேயைட்"னு சொல்லலை. பழைய பேரை அடிச்சிட்டு, கவர் மேல "காஸ்பேயைட்?" என்று கேள்விக்குறியோடு எழுதிக் கொடுத்து, ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். முகம் சுளிச்சான். "உனக்கே தெரியலையா?" என்றான். தெரியலைடா, அதான் எழுதியிருக்கேன் என்றேன். அங்கே ராமன் நிறமாலைக் கருவியில் வெச்சுப் பார்த்தாங்க (1928ல் நம்ம சி.வி. ராமன் கண்ட அதே விளைவுதான்). கல்லைச் சுரண்டாம, உடைக்காம பதில் வந்தது. காஸ்பேயைட்.

கேள்விக்குறியை அடிச்சிட்டுச் சீட்டை ஆசாரி கிட்ட நானே கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பது வருஷமா ராவுறேன் தம்பி. இது என்ன கல்லுன்னு கேட்டா பேரைச் சொல்லுவாங்க. உள்ளே என்ன இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை" என்றார்.

கல்லை ராவவில்லை. வெள்ளிக் குழியைப் பெரிசாக்கி அப்படியே பதிச்சுக் கொடுத்தார். மோதிரம் அழகா இருக்கு. நண்பன் மனைவிக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கிட்டோம், நல்லவேளை இல்லை.

கல் விக்கிறவங்களுக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். காஸ்பேயைட் அழகான கல். அதுக்கு டர்க்வாய்ஸ் வேஷமும் வேண்டாம், மரகத வேஷமும் வேண்டாம். சொந்தப் பேரிலேயே வித்துட்டுப் போங்க. பேர் தெரியலையா? ஒரு கேள்விக்குறி போடுங்க. 170 வருஷமா ஸராடைட் அதோடதான் நிக்குது. ஒண்ணும் குறைஞ்சு போயிடலை :-)