புத்திசாலிப் பெட்டி

நாவல் எழுதுகிறவனுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், தொட்டால் அடிக்கும் என்பது ஒன்றுதான். ஆனால் வீட்டுக்கு ஒரு சாமான் வாங்கி, அந்தச் சாமானால் வீட்டிலுள்ள ஒரு மனுஷிக்கு அநியாயம் நேர்ந்து, அதைச் செய்தவன் நானேதான் என்று தெரிந்துகொண்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. என்னைப் போன்ற பல உத்தமர்கள் இதே அநியாயத்தை மாதத் தவணையில் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அத்தை இருக்கிறார். வயது 78. என்னை வளர்த்து ஆளாக்கியவர். மாலை ஏழு மணிச் செய்தி, அதன்பின் ஒரு தொடர், கிடைத்தால் நாலு பழைய பாட்டு. இவ்வளவுதான் அவருடைய டெலிவிஷன் சாம்ராஜ்யம். 1975 ஆகஸ்டு 15-ம் தேதி சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதற்குப் பிறகு, எங்கள் தெருவில் வெகுகாலம் ஒரே ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்தது. மரக்கதவு வைத்த சாலிடேர் பெட்டி. வெள்ளிக்கிழமை தோறும் 'ஒளியும் ஒலியும்' பார்க்க, அத்தை ஒரு கையில் பாயும் மறு கையில் நானுமாக அந்த வீட்டுக் கூடத்துக்குப் போவார்.

பிற்பாடு சொந்தமாக ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வந்தது. அப்புறம் கலர் வந்தது. கேபிள் வந்தது. எந்தப் பெட்டியிடமும் அத்தை தோற்றதில்லை. குமிழைத் திருப்ப வேண்டுமென்றால் திருப்பினார். ரிமோட் என்ற கைச்சாவி வந்தபோது, சிவப்பைத் தட்டினால் உயிர் வரும், எண்ணைத் தட்டினால் நிலையம் வரும் என்பதை ஒரே மாலையில் கற்றுக்கொண்டு, மறுநாள் எனக்கே சொல்லிக்கொடுத்தார்.

இப்படியிருக்கையில், சென்ற ஆண்டு பழைய பெட்டி பழுதாயிற்று. பாகம் கிடைக்காது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். நான் உஸ்மான் ரோடுக்குப் புறப்பட்டேன்.

கடையில் ஒரு சுவர் முழுவதும் பெட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே அருவி. விற்பனை செய்யும் பையன் மரியாதையாகப் பேசினான். அங்குலம் சொன்னான், 4கே என்றான், நிறங்களைக் கோடிக்கணக்கில் எண்ணிச் சொன்னான். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்திருப்பதால், பெரிதாக வாங்குவதே விவேகம் என்று புத்தி சொன்னான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்காதது பிழையில்லை; சொல்ல வேண்டியவன் நான். எனக்கும் தோன்றவில்லை. வேறொரு கம்பெனியின் 32 அங்குலம் விற்கிற விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் 43 அங்குலம் கிடைக்கிறதே என்ற மயக்கத்தில், 'ஸ்மார்ட்' பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வெற்றிவீரனைப் போல வீடு திரும்பினேன்.

சுவரில் மாட்டியதும் பெட்டி எங்களை விசாரிக்கத் தொடங்கியது. எந்த ஊர்? எந்த மொழி? வை-ஃபை ரகசியச் சொல் என்ன? மின்னஞ்சல் கணக்கு உண்டா? பிறகு நிபந்தனைகளைக் காட்டி, சம்மதமா என்று கேட்டது. நான் நானூறு பக்க நாவல்களைப் படிக்கிறவன், எழுதுகிறவனுங்கூட. அந்த நிபந்தனைகளில் நாலு வரி படிக்க எனக்குப் பொறுமை இல்லை. 'சம்மதம்' என்று அழுத்திவிட்டேன். எதற்குச் சம்மதித்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் மாலை அத்தை செய்தி பார்க்க உட்கார்ந்தார். பெட்டியை உயிர்ப்பித்தார். செய்தி வரவில்லை. முதலில் கம்பெனியின் முத்திரை. அது சுழன்று முடிந்ததும், ஜவுளிக்கடைக் கண்ணாடி அலமாரிபோல வரிசை வரிசையாகச் சினிமாப் படங்கள். மேலே ஒரு விளம்பரம். யார் பார்ப்பது என்று ஒரு கேள்வி. கையிலிருந்த ரிமோட்டிலோ எண்களே இல்லை. எண்கள் இருக்கவேண்டிய இடத்தில், சந்தா வசூலிக்கும் நாலு கம்பெனிகளின் பெயர் பொறித்த பொத்தான்கள். அத்தையின் விரல் தவறி அவற்றில் ஒன்றின்மேல் பட்டால், பணம் கட்டு என்று ஒரு பக்கம் வந்து நிற்கும். அதிலிருந்து வெளியே வரும் வழி அவருக்குத் தெரியாது. இரண்டு தடவை எனக்கும் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் அத்தை டெலிவிஷன் பார்ப்பதை விட்டுவிட்டார். கேட்டால், "கண்ணு வலிக்குதுப்பா" என்றார். கண் மருத்துவரிடம் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு நான் அதை மறந்தும் போனேன். ஒருநாள் மாலை சீக்கிரமாக வீடு திரும்பியபோதுதான் கண்டேன். இருண்டு கிடந்த 43 அங்குலப் பெட்டிக்கு எதிரே, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். மணி ஏழே கால்.

"என்ன அத்தை, செய்தி போடவில்லையா?"

"பையன் டியூஷன் விட்டு வந்ததும் போட்டுத் தருவான் ராசா. தெனமும் அவனைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்க முடியுமா? அவனுக்கும் படிப்பு இருக்கில்ல, பாவம்."

என் பேரனுக்கு வயது பன்னிரண்டு. அறுபது வருஷம் ஒரு குடும்பத்தைக் கட்டி ஆண்டவர், தாம் செய்தி கேட்கப் பன்னிரண்டு வயதுப் பையனின் தயவுக்குக் காத்திருக்கிறார். கேட்கவும் கூச்சப்பட்டுக் கண் வலி என்று பொய் சொல்கிறார். அந்தப் பொய்யை அவர் வாயில் வைத்தவன் நான். கூட நின்றது அந்தப் பெட்டி.

இதை என் சகோதரியின் மகனிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். "காலம் மாறுது மாமா. பாட்டிதான் கத்துக்கணும்" என்றான்.

படித்தவர்கள் எல்லாரும் சொல்லும் பதில் இது. இதைத்தான் நான் முதலில் மறுக்க விரும்புகிறேன். குமிழ், ரிமோட், கேபிள் என்று அத்தை மூன்று தரம் கற்றுக்கொண்டவர். கற்க மறுத்த மனுஷி அல்லர். ஆனால் கற்றதை வைத்துக்கொள்ள இந்தப் பெட்டி விட வேண்டுமே! இன்று இடது பக்கம் இருந்த படம், 'அப்டேட்' என்று ஒன்று வந்தால் நாளை வலது பக்கம் போய்விடுகிறது. இரவோடிரவாக யாரோ அடுக்களைக்குள் புகுந்து உப்பு ஜாடியையும் புளிப் பானையையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, காலையில் சமைக்க வந்தவளைப் பார்த்து, உனக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? அடுக்களையை மாற்றியவனைக் கேட்பதை விட்டுவிட்டுக் கிழவியைக் குறை சொல்வதா முற்போக்கு?

அடுத்த வாதம், விலை மலிவு என்பது. மலிவுதான். ஏன் மலிவு என்று யோசித்திருக்கிறோமா? அமெரிக்காவில் விஸியோ என்ற கம்பெனி ஸ்மார்ட் பெட்டிகள் விற்று வந்தது. சுமார் 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளிலிருந்து, வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்ற விவரத்தை அவர்களுடைய சம்மதமில்லாமல் திரட்டி விற்றதாக அந்நாட்டு அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் வழக்குப் போட்டது. 2017-ல் 22 லட்சம் டாலர் கொடுத்து அந்தக் கம்பெனி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2021-ன் மூன்றாம் காலாண்டில் அதே கம்பெனி வெளியிட்ட கணக்கில், பெட்டி விற்ற லாபத்தைவிட, விளம்பரமும் தகவலும் சேர்ந்த பிரிவின் லாபம் இருமடங்குக்கு மேல் இருந்தது. அதாவது, கடையில் நாம் பெட்டியை வாங்குகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு பெட்டி நம்மை விற்கிறது.

இது நடக்கும் முறையும் எளிதுதான். திரையில் ஓடும் படத்தின் துணுக்குகளைப் பெட்டி அடிக்கடி எடுத்து, தொலைவிலுள்ள ஒரு பெரிய பட்டியலோடு ஒப்பிட்டு, இது இன்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடித்துவிடும். வெளியிலிருந்து கம்பி மூலம் வரும் கேபிள் படத்தையும் அது அடையாளம் காண முடியும். 2015-ல் சாம்சங் கம்பெனியின் விதிகளில் ஒரு வாசகம் உலகெங்கும் பேசப்பட்டது. குரல் வசதியைப் பயன்படுத்தும்போது அந்தரங்க விஷயங்களைப் பேசினால், அந்தப் பேச்சும் பதிவாகி மூன்றாமவருக்குப் போகலாம் என்று அதில் எழுதியிருந்தது. நான் படிக்காமல் சம்மதித்தேனே, அந்த நிபந்தனைகளில் இருப்பவை இந்த மாதிரி விஷயங்கள்தாம். நம் வீட்டுக் கூடத்தில் ஓர் அந்நியன் குறிப்பேட்டோடு வந்து உட்கார்ந்தால் காபி கொடுத்து உபசரிப்போமா?

மலிவு என்ற பேச்சில் இன்னொரு பொத்தலும் உண்டு. இந்தப் பெட்டிகளின் மூளை, திரைக்கு முன்னால் மூப்படைந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2010, 2011-ம் ஆண்டுகளில் விற்ற சாம்சங் பெட்டிகள் சிலவற்றில் 2019 டிசம்பரோடு நெட்பிளிக்ஸ் ஓடுவது நின்றது. திரை நன்றாகத்தான் இருந்தது. ஆயினும் பெட்டி பாதி ஊமையாயிற்று. மலிவுப் பெட்டிகளில் 1 ஜி.பி. நினைவுத்திறனும் 8 ஜி.பி. சேமிப்புந்தான் பெரும்பாலும் இருக்கும். புதிய செயலிகளின் பாரத்தை ஏற்ற ஏற்ற அவை மூச்சு வாங்கத் தொடங்கும். அத்தை ஒரு தரம் அழுத்துவார். பெட்டி யோசிக்கும். அழுத்தியது பதியவில்லையோ என்று அவர் மறுபடி அழுத்துவார். அதற்குள் முதல் அழுத்தலுக்கும் சேர்த்துப் பெட்டி இரண்டடி தாவி, வேறெங்கோ போய் நிற்கும். அவமானம் மட்டும் அத்தைக்கு.

நான் விஞ்ஞானத்தின் விரோதி அல்லன். மார்கழிக் கச்சேரியைச் சபாவுக்குப் போக முடியாதவர்கள் வீட்டில் இருந்தே கேட்க முடிகிறது. காது மந்தமானவர்கள் வசனத்தை எழுத்தில் படிக்க முடிகிறது. இவை பெரிய நன்மைகள். ஆனால் நன்மை வேண்டுமென்றால் தொல்லையையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று யார் விதித்தது? அதைக் கேட்காமல் தலையாட்டுகிற நம்முடைய மத்தியதர மௌனம்தான் கம்பெனிகளுக்கு மூலதனம்.

கேட்பது எப்படி? கடைக்குப் போகும்போது வீட்டில் யார் அதிகம் பார்க்கிறார்களோ, யாருக்கு வயது அதிகமோ, அவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். கிளியையும் அருவியையும் நிறுத்தச் சொல்லுங்கள். ரிமோட்டை அவர் கையில் கொடுங்கள். எண்களும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்களும் அவர் கண்ணுக்குத் தெரிகின்றனவா? பெட்டியை அணைத்து மறுபடி போட்டால் எவ்வளவு நேரத்தில் படம் வருகிறது? செய்திக்குப் போக எத்தனை அழுத்தல்? மூன்றுக்கு மேல் என்றால் அடுத்த பெட்டிக்கு நகருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு 32 அங்குலம் போதும். எட்டத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்த அளவில் 4கே பெரிய வித்தியாசம் காட்டிவிடாது. மிச்சப்படும் பணத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு 'ஸ்டிக்' வாங்கிச் செருகினால், வேண்டும்போது இணையப் படங்கள் வரும். அது பழையதானால் அதை மட்டும் மாற்றலாம். பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம்.

என்னைப் போல ஏற்கெனவே வாங்கி விழித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் வழி உண்டு. பெட்டிக்கு இணையம் கட்டாயமில்லை. வை-ஃபையைத் துண்டித்துவிட்டாலும் கேபிள் பெட்டியின் படம் வரும். உளவு வேலைக்கும் அத்துடன் வழி அடைபடும். கூகுள் டிவி முறையில் ஓடும் பெட்டிகளை முதலில் அமைக்கும்போதே 'பேசிக் டிவி' என்று ஒரு சாதாரண வழியும் இருக்கிறது. விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. உயிர்ப்பித்ததும் நேராக எச்.டி.எம்.ஐ. கம்பியில் வரும் படத்துக்குப் போகும்படி பல பெட்டிகளில் அமைத்துவைக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் செலவழித்து, பேரனையும் உதவிக்கு வைத்துக்கொண்டு, இதையெல்லாம் செய்து முடித்தேன். கம்பெனிப் பெயர்ப் பொத்தான்களின்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். எண்களுக்குக் கேபிள் பெட்டியின் பழைய ரிமோட் இருந்தது.

அன்று மாலை ஏழு மணிக்கு நான் என் அறையில் எழுதிக்கொண்டிருந்தேன். கூடத்தில் செய்தி வாசிக்கும் குரல் கேட்டது. பேரன் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தான். சற்று நேரம் கழித்து அத்தையின் குரல் வந்தது:

"ஏம்பா, எழுதினது போதும். வந்து செய்தியப் பாரு. உனக்கு வேணும்னா சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்."

எங்கள் வீட்டுப் பெட்டிக்கு அன்றுதான் புத்தி வந்தது. எனக்கும் அன்றுதான்.