ஒட்டிப் படுத்தால் பாசமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஓணான் வளர்க்கும் பிள்ளைகளின் உம்மா, வாப்பாமார் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். வளர்க்காதவர்களும் வாசிக்கலாம். அடுத்த பெருநாளுக்கு உங்கள் பிள்ளையும் ஒன்று கேட்கக்கூடும்.

எங்கள் பக்கத்து ஒழுங்கையில் என்னிடம் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். வெளிநாட்டில் வேலை செய்யும் வாப்பா அனுப்பிய காசில் ஒரு 'பியர்டட் டிராகன்' வாங்கினான். தாடி ஓணான் என்று சொல்லலாம். அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள வறண்ட நிலங்களுக்குரிய பிராணி. பயந்தாலோ கோபித்தாலோ தொண்டைக்குக் கீழே ஊதிக் கறுக்கும், அதனால்தான் அந்தப் பெயர். பிள்ளை அதை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். நேரத்துக்குத் தீனி கொடுத்தான், தொட்டியைத் துப்புரவாக வைத்திருந்தான்.

ஒருநாள் என்னிடம் கேட்டான், "டீச்சர், இது தனியக் கிடக்கு. பாவமில்லையா?"

நான் யோசிக்கவே இல்லை. "ஓம் மகன், ஒரு சோடி வாங்கி விட்டா நல்லம்தானே" என்றேன்.

விற்றவரும் அதையேதான் சொன்னாராம். இரண்டாவதும் வந்தது, முதலாவதை விடச் சின்னது. மூன்று வாரம் கழித்து நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது இரண்டும் பல்புக்குக் கீழே கிடந்தன. சின்னதின் முதுகில் பெரியது ஏறிப் படுத்திருந்தது. "பாருங்க டீச்சர், காக்காவும் தம்பியும் மாதிரி" என்றார் பிள்ளையின் உம்மா. நானும் சிரித்துக்கொண்டே படமெடுத்து, இதயக்குறி போட்டு ஸ்டேட்டஸில் வைத்தேன். உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு மாதத்தில் சின்னதின் வால் நுனி கறுத்து உதிர்ந்தது. ஒரு காலில் இரண்டு விரல்கள் இல்லை. இடுப்பெலும்பு தெரிய மெலிந்து போயிருந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது.

பிள்ளை என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "நான் ரெண்டுக்கும் சாப்பாடு குடுத்தேன்தானே டீச்சர்?"

கொடுத்தான். பிழை அவனுடையது அல்ல, என்னுடையது. அவதானிப்பு வேறு, அனுமானம் வேறு என்று கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். அதையே வருடா வருடம் பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிறேன். "ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கிறது" என்பது அவதானிப்பு. "பாசமாக இருக்கின்றன" என்பது என் அனுமானம். கண் கண்டதை விட்டுவிட்டு மனம் சொன்னதை நம்பினேன்.

அதன்பிறகு தேடி வாசித்ததையும், மிருக வைத்தியரிடம் கேட்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

தாடி ஓணான் கூட்டமாக வாழும் பிராணி அல்ல. ஆடு, கோழி, லவ்பேர்ட்ஸ் போல அதற்குத் துணை தேவையில்லை. தனிமை என்பது நாம் அதன் மேல் போடும் கவலை. அதற்குத் தேவை வெயில் காய ஓரிடம், ஒளிய ஓரிடம், இரை. இவற்றைப் பங்குபோட அது விரும்புவதில்லை. காட்டில் இரண்டு சந்தித்தால் பெரியது தலையை மேலும் கீழும் ஆட்டும், தாடியைக் கறுப்பாக்கும். சின்னது முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றும். "நீ பெரியவன், எனக்குச் சண்டை வேண்டாம்" என்பதுதான் அதன் பொருள். பிறகு அந்த இடத்தை விட்டுப் போய்விடும். பிரச்சினை முடிந்தது.

கண்ணாடித் தொட்டியில் அது எங்கே போகும்? பணிந்த பிறகும் பெரியதின் முன்னால்தான் இருக்க வேண்டும். இன்றும் நாளையும், ஒவ்வொரு நாளும்.

ஏறிப் படுப்பதன் விளக்கமும் இதுதான். வெளிச்சமும் சூடும் மேலே இருந்து வருகின்றன. மேலே படுப்பது அதை எடுத்துக்கொள்கிறது, கீழே கிடப்பதற்கு நிழல்தான் மிச்சம். ஓணானுக்குச் சூடு சும்மா சொகுசு அல்ல. உடம்பு சூடாகாவிட்டால் தின்றது சரியாகச் செமிக்காது. அதனால்தான் சாப்பாடு கொடுத்தும் சின்னது மெலிந்தது.

வீட்டில் வைத்திருப்பவர்கள் இந்த அறிகுறிகளைப் பாருங்கள்:

1. ஒன்று எப்போதும் பல்புக்குக் கீழே, மற்றது எப்போதும் மூலையில் அல்லது ஒளிவிடத்தில்.

2. ஒன்றின் தாடி அடிக்கடி கறுக்கிறது, தலையாட்டுகிறது. மற்றது கையசைக்கிறது. அது நமக்கு ஸலாம் சொல்வதில்லை.

3. வயிற்றுப் பக்கத்தில் கரிய கோடுகளும் வட்டங்களும் தெரிகின்றன. குளிரினாலும் இவை வரும். அதனால் முதலில் வெப்பமானியால் சூட்டைப் பாருங்கள். சூடு சரியாக இருந்தும் கோடுகள் மறையவில்லை என்றால் மன உளைச்சல் என்று நினையுங்கள்.

4. கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கிறது. புது இடத்திலும் சில நாள் இப்படிச் செய்யும். நாள்கணக்கில் நீடித்தால் அது விளையாட்டு அல்ல, வெளியேறத் தேடும் வழி.

5. ஒன்று தின்கிறது, மற்றது பார்த்துக்கொண்டிருக்கிறது.

6. விரல் நுனி, வால் நுனியில் காயம். நம் சுவரில் ஓடும் பல்லிக்கு வால் அறுந்தால் மீண்டும் வளரும். தாடி ஓணானுக்கு வளராது. போனது போனதுதான்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். நடுவில் ஒரு கண்ணாடியை வைப்பது பிரிப்பதாகாது, ஏனென்றால் பெரியதை அது பார்த்துக்கொண்டே இருக்கும். வேறு தொட்டி வேண்டும். இரண்டும் பக்கத்தில் இருந்தால் இடையே மட்டையாவது வையுங்கள்.

இனி, எனக்குச் சொல்லப்பட்ட மறுப்புகள்.

"கடையில ஒரே தொட்டியிலதானே வச்சிருக்காங்க?" கடைக்காரருக்கு அது விற்கும் வரை சில நாள் கணக்கு. நன்றாகப் பார்த்தால் தாடி ஓணான் பத்து வருடம்கூட வாழும். உங்கள் கணக்கு அது. தவிர, குஞ்சுகள் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறவும் கூடாது. ஒன்றின் வாலையும் விரலையும் மற்றது கடிப்பது அந்த வயதிலேயே நடக்கும்.

"எங்கட வீட்டுல ரெண்டும் சண்டையே இல்ல." சண்டை இல்லை என்றால் சமாதானம் என்று அர்த்தமில்லை, ஒன்று தோற்று அடங்கியிருக்கலாம். சமையலறைத் தராசில் வாரத்துக்கு ஒரு தடவை இரண்டையும் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒன்று ஏற ஏற மற்றது அப்படியே நின்றாலோ குறைந்தாலோ பதில் கிடைத்துவிடும். நாங்கள் அதை ஒருநாளும் நிறுக்கவில்லை.

"ஆணும் பெண்ணும் என்றா பரவாயில்லையே?" இல்லை. இரண்டு ஆண்கள் மோசமாகச் சண்டையிடும். ஆணோடு பெண்ணை வைத்தால் ஓயாத தொந்தரவாலும் முட்டைகளாலும் பெண் உருக்குலையும். இரண்டு பெண்களுக்குள்ளும் ஒன்று அடக்கும். சிறுத்தைப் பல்லி என்று விற்கும் லெப்பர்ட் கெக்கோவையும் தனியே வைப்பதுதான் பாதுகாப்பு.

"நம்மட ஊர் வெக்கை போதும்தானே?" நமது அறையின் சூடு முப்பது பாகைக்கு மேல் போனாலே நமக்கு வேர்க்கிறது. தாடி ஓணான் வெயில் காயும் இடத்துக்கு நாற்பது பாகை அளவில் வேண்டும். மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கூடவே யூவீபி விளக்கும் வேண்டும், ஏனென்றால் யன்னல் கண்ணாடியூடாக அந்தக் கதிர் வராது. வளர்ந்த ஒன்றுக்கே நாலடி நீளத் தொட்டி. இரண்டு என்றால் எல்லாமே இரண்டு. கரண்ட் பில்லும் சேர்த்துத்தான்.

ஆகவே என் கருத்து இதுதான். சோடி வாங்காதீர்கள். ஒன்றையே சரியாகப் பார்க்க வசதி இல்லை என்றால் அந்த ஒன்றையும் வாங்காதீர்கள். வாங்குவதானால் விற்பவரிடம் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். வெளிநாட்டு ஊர்வனவற்றை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. காசு மிச்சம் என்று தோட்டத்து ஓணானைப் பிடித்துப் போத்தலில் அடைப்பதும் வேண்டாம். நமது நாட்டு ஊர்வனவற்றில் பெரும்பாலானவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. தொட்ட பிறகு பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும். சல்மனெல்லா கிருமி இவற்றிடமிருந்து தொற்றும்.

பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்ன விடவும் இல்லை. இத்தனை நாளும் அதில் முதல் பாதியைத்தான் நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லி வந்தேன். தீனி போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்பது போல. இரண்டாம் பாதி இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஓடிப்போகும் வழியை நாம் அடைத்துவிட்டால், அது ஓடியிருக்க வேண்டிய ஒவ்வொரு ஆபத்துக்கும் நாம்தான் பொறுப்பு.

அந்தப் பிள்ளையிடம் போய், "நீ சரியாத்தான் செஞ்ச மகன். நான்தான் பிழையாச் சொல்லிட்டேன்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பெரியதை இப்போதும் வைத்திருக்கிறான். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிறுத்து எழுதுகிறான்.

பழைய ஸ்டேட்டஸ் படம் என் போனில் இன்னும் இருக்கிறது. அழிக்கவில்லை. அடுத்த தவணை 'அவதானிப்பு' பாடம் வரும்போது பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்கப்போகிறேன். உங்கள் வீட்டிலும் இரண்டு ஒரே தொட்டியில் இருந்தால் இன்றிரவு ஒரு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கண்டதை மட்டும் கீழே கொமெண்டில் எழுதுங்கள்.