பேட்டை என்றொரு சொல்

"குடியிருப்பா, வணிகமா, தொழிலா? ஒன்றைச் சொல்லுங்கள், பெரியவரே."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாகவே காத்திருந்தார். இந்தப் பக்கம் நின்றவர் முத்தியால்பேட்டைக்காரர், நெசவாளி, எழுபதைத் தாண்டியவர். வீட்டின் பின்கட்டில் இன்னும் ஓர் அறை எடுத்துக் கட்ட அனுமதி கேட்டு வந்திருந்தார். துணைக்கு நான்.

"மூன்றும்தான், தம்பி" என்றார் அவர். "திண்ணையிலே மருமகள் சேலை விற்கிறாள். கூடத்திலே தறி கிடக்கிறது. பின்னாலே நாங்கள் படுத்துக்கொள்கிறோம்."

"அப்படி ஒரு கட்டம் இந்தப் பாரத்தில் இல்லையே!"

எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையில் திணிக்கப்பட்டிருக்கும் காகிதத்தின் மீதுதான் கோபம். ஒரு மனிதன் தன் வீட்டைப் பற்றி உண்மையைச் சொன்னால், அதை எழுதிக்கொள்ள அந்தக் காகிதத்தில் இடமில்லை. இடம் வேண்டுமானால் அவன் மூன்றில் இரண்டை மறைக்க வேண்டும். சர்க்காரே குடிமகனை உட்காரவைத்துப் பொய் சொல்லப் பழக்குவது என்றால் இதுதான்.

முத்தியால்பேட்டை என்ற பெயரைச் சற்றே உடைத்துப் பாருங்கள். முத்யாலு என்றால் தெலுங்கில் முத்துக்கள். சென்னையிலும் இதே பெயரில் ஒரு பேட்டை உண்டு. முத்து போகட்டும், பேட்டையைப் பாருங்கள். கோட்டைக்கு வெளியே, வியாபாரமும் கைத்தொழிலும் குடித்தனமும் ஒன்றாக நடக்கிற இடத்துக்குத் தமிழன் வைத்த பெயர் அது. நிலத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லுவதற்கு அதைவிடத் துல்லியமான சொல்லை எந்த நகரமைப்பு நிபுணர் கண்டுபிடித்தார்? புதுச்சேரியைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள்: நெல்லித்தோப்பு, வைத்திக்குப்பம், உழவர்கரை, லாஸ்பேட்டை. ஒவ்வொரு பெயரும் ஒரு நிலப்பதிவு. தோப்பில் இன்று நெல்லி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு காலத்தில் அங்கே என்ன இருந்தது என்பதைப் பெயராவது ஒளிக்காமல் சொல்லுகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு வந்ததே துணிக்காகத்தான். இங்கே நெய்து நீலச்சாயம் ஏற்றிய துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. 1693-ல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள்தாம் நேர்நேரான தெருக்களுக்குக் கோடு கிழித்தார்கள். அவர்களுக்கும் நெசவாளி வேண்டியிருந்தது. நெசவாளி என்றால் தறி. தறி என்றால் பாவு. பாவு என்றால் தெரு.

இந்தக் கடைசிச் சொல்லில் சற்று நிற்க வேண்டும். நெசவுத் தெரு ஏன் அகலமாகவும் நீளமாகவும் இருக்கிறது என்று பட்டணத்து வாசகர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். காற்று வரட்டும் என்றோ, தேர் போகட்டும் என்றோ நினைப்பார்கள். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். கணவன் ஒரு தலைப்பில் நின்றால் மனைவி மறு தலைப்பில் நிற்பாள். அக்கம்பக்கத்தார் நடுவில் கை கொடுப்பார்கள். அது முடிகிற வரையில் அந்தத் தெரு ஒரு தொழிற்கூடம். முடிந்தபின் வண்டி போகும் வழி. சாயங்காலம் பிள்ளைகள் விளையாடுகிற முற்றம். இந்தத் தெருவுக்குத் திட்ட வரைபடத்தில் என்ன பெயர் தெரியுமோ? சாலை. அவ்வளவுதான். சாலையில் நூல் விரித்தால் அது போக்குவரத்துக்கு இடைஞ்சல்!

இந்த மண்டலம் பிரிக்கிற வித்தை எங்கிருந்து வந்தது? மேல்நாட்டு ஆலைகளின் புகையிலிருந்து வந்தது. கரிப்புகை கக்குகிற ஆலைக்குப் பக்கத்தில் குழந்தைகள் படுத்துறங்கக் கூடாது என்று அவர்கள் பயந்தது நியாயம். ஆனால் நியாயம் அங்கே நிற்கவில்லை. அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்திலே யூக்ளிட் என்ற சிற்றூர் போட்ட மண்டல விதிகள் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926-ல் தீர்ப்புச் சொல்லியது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸதர்லண்ட், தனி வீடுகளுக்கு நடுவே எழும்பும் அடுக்குக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டார். புகையைத் தடுக்கப் புறப்பட்ட விதி, வாடகைக்குக் குடியிருக்கிற ஏழையை ஒட்டுண்ணியாக்கி முடிந்தது. சொல்லுக்கு அத்தனை வலிமை!

நாமும் அந்தச் சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டோம். புதுச்சேரி நகர, ஊரமைப்புச் சட்டம் 1969-ஆம் வருஷத்தியது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாயக் கழிவு கிணற்றில் இறங்குவதையும், ஏரிக்குள் மனை போட்டு விற்பதையும் தடுக்கச் சட்டம் வேண்டும்; இன்னும் கடுமையாகவே வேண்டும். என் சண்டை சொற்களோடு.

"ஐயா, வீட்டுத் தொழிலைத்தான் அனுமதிக்கிறோமே, இன்னும் என்ன குறை?" என்று கேட்பார்கள். குறை அந்த 'அனுமதி'யில்தான் இருக்கிறது. ஊரே தறிக்காகப் பிறந்தது. அந்த ஊரில் தறி ஒரு விதிவிலக்கு; சலுகை; இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடப்பட்ட ஒன்று! சென்னைக்காரர்களின் விதிகளில் 'முதன்மைக் குடியிருப்பு' என்று ஒன்றும் 'கலப்புக் குடியிருப்பு' என்று ஒன்றும் உண்டு. பாலில் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு பெயர். உழைக்கிற வீடு கலப்பாம். உழைப்பை வெளியே விட்டுவிட்டு வந்து தூங்குகிற வீடு முதன்மையாம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று சும்மா இருந்துவிட முடியாது. மின்சாரக் கட்டணம் வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று. வரியும் அப்படியே. கடன் கொடுக்கிறவர் முதலில் பார்ப்பது அந்தச் சொல்லைத்தான். புறம்போக்கு என்ற சொல்லுக்கு என்ன கதி நேர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். வரிக் கணக்குக்குப் புறம்பாக, ஊராருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலமும் குளக்கரையும் அது. வரி வராத நிலத்தை மதிக்காத கண்கள் பார்க்கப் பார்க்க, இன்று அது தெருச் சண்டையில் ஒருவனை ஏசுகிற வார்த்தை. ஏசியது போக மிஞ்சிய நிலத்தை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த மாளிகைகளில் பல விடுதியாகிவிட்டன. கீழே சிற்றுண்டிக் கடை, மேலே தங்குமிடம், ஓரத்தில் துணிக்கடை. வீடும் வணிகமும் ஒரே கூரையின் கீழ்! அதைப் பாரம்பரியம் என்று சொல்லிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். வடக்கே ஒன்றரை மைல் போனால், அதே காரியத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வீட்டுக்கு ஒரு கட்டம் கிடையாது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் சொன்ன வெள்ளைக்காரர் ஒருவரும் உண்டு. பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1914-ல் அவர் நகரக் கண்காட்சி ஒன்றை நடத்தச் சென்னைக்கு வந்தார். அவருடைய வரைபடங்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னை மீது குண்டு போட்ட அதே எம்டன் மூழ்கடித்துவிட்டது. மனிதர் தளரவில்லை, புதிதாகச் சேர்த்துக் கண்காட்சியை நடத்தினார். தஞ்சாவூர் முதலிய ஊர்களைக் காலால் நடந்து பார்த்துவிட்டு, பழைய தெருக்களை இடித்துத் தள்ளாதீர்கள், தேவையான இடத்தில் மட்டும் கத்தி வையுங்கள் என்று அறிக்கை எழுதினார். முதலில் நட, பிறகு வரை என்பது அவர் முறை. நம்மவர்கள் வரைந்துவிட்டு, நடப்பதற்கு நேரமில்லை என்கிறார்கள்.

புதுச்சேரியில் தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1965-லேயே வந்துவிட்டது. அப்படியிருக்க, நிலத்தின் தலைவிதியை எழுதுகிற சொற்கள் மட்டும் மொழிபெயர்ப்பாகவே இருப்பானேன்? அட்டவணையில் 'பேட்டை' என்று ஒரு வகை சேருங்கள்: வீடும் தறியும் கடையும் ஒன்றாக உள்ள இடம், தெருவில் பாவு விரிக்க உரிமை உள்ள இடம் என்று விளக்கம் எழுதுங்கள். 'குப்பம்' என்று ஒன்று சேருங்கள். வலை உலர்த்துகிற மணல் அப்போது காலி இடமாகத் தெரியாது. தறிகள் குறைந்துவிட்டனவே, இப்போது எதற்கு என்பார்கள். குறைந்துவிட்டன, உண்மை. அவை குறைந்ததில் இந்தக் கட்டங்களுக்குப் பங்கே இல்லையா?

அன்று பெரியவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "குடியிருப்பு என்றே போடுங்கள், தம்பி" என்றார். இளைஞருக்கும் மனசு கேட்கவில்லை போலும். கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதினார். வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, பெரியவர் நகலை என்னிடம் நீட்டினார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"என் தறியை எங்கே எழுதியிருக்கிறார், பாருங்கள்."

பார்த்தேன். 'இதர' என்ற தலைப்பின் கீழே எழுதியிருந்தார்.