பெண்பிள்ளையிடம் பேசுங்கள்

கிராம சுகாதாரச் செவிலியராக 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் கட்டி வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால், கைக்குழந்தையோடு தாய்மார்கள் காத்திருப்பார்கள். ஓர் ஊசியையும் தவறவிடாத அதே தாய், பிள்ளைக்கு 16 வயதில் போடவேண்டிய ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி என்றதும், “இவ்வளவு வளர்ந்த பிள்ளைக்கு எதுக்கு சிஸ்டர்?” என்பார். சின்ன வயதில் போட்ட ஊசியின் பலம் நாளாக நாளாகக் குறையும் என்று சொன்னால் சமாதானமாகிவிடுவார்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசி அப்படியல்ல. அந்தப் பெயரைச் சொன்னதுமே குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். பேத்திக்கு 14 வயது ஆனதும் அந்த ஊசி பற்றிப் பேச்செடுத்தேன். என் மகளே, “அவ சின்னப் பொண்ணும்மா, அவகிட்ட இதெல்லாம் பேசாதே” என்றாள்.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் பகுதியில் ஓர் அக்கா, மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் படுவதை ஒரு வருடம் மறைத்தார். அவர் வீட்டுத் திண்ணையில் எத்தனையோ முறை மோர் வாங்கிக் குடித்திருக்கிறேன். என்னிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் வலி பொறுக்காமல் சொன்னபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. இந்த நோய் இந்தியாவில் ஆண்டுதோறும் 75,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொல்கிறது.

14 வயதில் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமி பெரும்பாலும் உடலுறவால் தொற்றுகிறது. தொற்றுவதற்கு முன்பே போட்டால்தான் ஊசியின் முழுப் பலன் கிடைக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறது. தொற்று புற்றுநோயாக மாற 15, 20 ஆண்டுகள் ஆகலாம். இன்று சிறுமிக்குப் போடும் ஊசி, அவள் தாயாகிப் பிள்ளை வளர்க்கும் காலத்தில் அவளைக் காக்கும். இந்த ஊசியால் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்பது வெறும் வதந்தி.

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போடுவதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்த ஊசி பிள்ளையின் கைக்குப் போய்ச்சேர, வீட்டில் ஒருவர் கூச்சத்தை விடவேண்டும்.

நான் விட்டேன். பேத்தியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டவள், “இதை முன்னாடியே சொல்லியிருந்தா பயந்திருக்கவே மாட்டேனே அம்மாச்சி” என்றாள். ஊசியன்று காலையில் இட்லி சாப்பிடவைத்தே கூட்டிப்போனேன். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு மயக்கம் வரும். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் பேத்தி, கூட வந்திருந்த தன் அம்மாவைப் பார்த்து, “உனக்கும் இந்த நோய் வருமாம்மா?” என்று கேட்டாள். 30 வயதைத் தாண்டிய பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மகளிடம் பல வருடமாகச் சொல்லிவந்தேன். அவள் பதில் சொன்னதே இல்லை. மறுவாரம் அவளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினாள்.