வாருக்குக் கண் வைத்தல்

கையால் செய்த தோல் இடைவாரை அணிவதில் ஒரு தனிக் கௌரவம் உண்டு. அந்தக் கௌரவம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது வாரின் மினுமினுப்பு அன்று; கொக்கியின் முள் நுழையும் துவாரமே. தினந்தோறும் ஒரே துவாரம் இழுபட்டால் அது வட்டம் கலைந்து நீண்டு, ஓரம் பிய்ந்துபோகும். இதைத் தடுக்கவே துவாரத்திற்கு உலோகக் கண் வைக்கிறார்கள். கடைக்காரர் அதனை 'ஐலெட்' என்பார்.

கடலூர், சிதம்பரம் பக்கத்து நேயர்கள் இரும்புக் கண்ணை வாங்காதிருப்பது நலம். உப்பும் ஈரமும் கலந்த கடற்காற்றில் அது துருவேறும். கெடுதல் அத்துடன் நில்லாது. ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து மிகுதி. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள் அல்லவா? துவர்ப்பும் இரும்பும் கூடினால் கறுக்கும் என்பதே அதன் தத்துவம். அதே கறை வாரிலும் படிந்து வேஷ்டியிலும் சட்டையிலும் ஏறும். பித்தளைக் கண் உத்தமம். களிம்பு பிடித்தாலும் துடைத்துவிடலாம்.

முதலில் இடுப்பளவுக்குச் சரியான இடத்தில் நடுத்துவாரத்தைக் குறித்து, இருபுறமும் ஓர் அங்குல இடைவெளியில் இரண்டிரண்டு குறிக்க வேண்டும். ஐந்தும் ஒரே நேர்கோட்டில் அமைவது அவசியம். கண்ணின் விளிம்பை அளந்து துளையிடுவது பலர் செய்யும் பிழை. உள்ளே செல்லும் குழலின் பருமனே துளையின் அளவு. சிறிய துளையைப் பெரிதாக்கலாம். பெரிய துளையைச் சிறிதாக்க யாராலும் ஆகாது! குழல் தோலைக் கடந்து பின்புறம் சுமார் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் போதும். குறைந்தால் மடங்கிப் பிடிக்காது. மிகுந்தால் பிளந்து துணியைக் கிழிக்கும். பின்புறம் வளையத்தை இட்டு, அச்சைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே ஓங்கலாக அடியாமல் மெல்ல மூன்று நான்கு தட்டுத் தட்ட வேண்டும்.

இவ்வளவு கருவிக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள், வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தோல் தொழிலாளியை நாடலாம். சிதம்பரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய கடனும் உண்டு. கோயில் முரசங்களுக்குத் தோலும் வாரும் அளித்தவர் திருநாளைப்போவார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் கொடுத்த வார் சந்நிதிக்குள் சென்றது; கொடுத்தவரோ வெளியே நின்றார். இன்றும் வார் நம் இடையை அலங்கரிக்கிறது. அதற்குக் கண் வைத்தவர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். பட்டணத்துக் கடையில் அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுக்கும் நாம், அவரிடம் மட்டும் ஐந்து ரூபாய்க்கு வாதாடுவது என்ன நியாயம்? அவரை உட்கார நிழலுள்ள இடத்திற்கு அழைத்து, கேட்ட கூலியைக் கொடுத்து, வேலையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு வட்டத் துளைக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.