ஊர்க்காரருக்கு ஒரு வீடு



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பசியாறிக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் இளைஞர் வாசலில் வந்து நின்றார். திருச்சிப் பக்கத்துக்காரர். இங்கே ஈப்போவில், ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் பொறியாளர் வேலை. மனைவியும் மூன்று வயதுப் பெண்ணும் வந்து சேர்வதற்குள் வீடு பார்த்தாக வேண்டும். எங்கள் வாசகர் ஒருவர் முகவரி கொடுத்து அனுப்பியிருந்தார்.

"மூணு வாரமா அலையுறேன் சார். போன் பண்ணினா முதல்ல என்ன இனம்னு கேக்குறாங்க. சொன்னதும் அப்புறம் கூப்பிடுறேங்குறாங்க. யாரும் கூப்பிடல" என்றார்.

இது எனக்குப் புதிய சேதி இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கையில் நீல அடையாள அட்டை வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே பதில் கிடைப்பதுண்டு. ஆனால் அடுத்து அவர் சொன்னது தொண்டையில் சிக்கிக்கொண்டது. தமிழர் வீடு ஒன்றுக்கும் போயிருக்கிறார். கேட் வரைக்கும் வந்து விசாரித்த வீட்டுக்காரர், உள்ளே திரும்பி மனைவியிடம் "ஊர்க்காரனாம்" என்று சொன்னாராம். அதோடு கதவு சாத்தியாயிற்று.

"ஊர்க்காரன்னா என்ன சார் அர்த்தம்?"

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்றேன். சொல்லில் ஒன்றும் குற்றமில்லை. அதைச் சொல்கிற தொனி எப்போது மாறியது என்பதுதான் எனக்கும் தெரியவில்லை.

என் பாட்டியும் ஊர்க்காரிதான். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் வீடு தேடி அலையவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்து வீடு ஒன்று காத்திருந்தது. தகரக் கூரை, சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். வேலையோடு வந்த வீடு அது. வேலை போனால் வீடும் போய்விடும். ஆயுள் முழுக்கப் பால் மரம் வெட்டினாலும் அந்தக் கதவு நமக்குச் சொந்தமில்லை.

1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது ஜனங்களுக்கு இது உறைத்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அதனால்தான். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டத்தையே வாங்கிவிட்டால் யார் வெளியேற்ற முடியும்? நல்ல யோசனைதான். ஆனால் எல்லாத் தோட்டத்தையும் அப்படி வாங்கிவிட முடியவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் பல்லாயிரம் பேர் வந்த வழியே மூட்டை கட்டினார்கள். தங்கியவர்களில் பலர் பின்னால் தோட்டம் கைமாறியபோது பட்டணத்துக்கு வந்தார்கள். புந்தோங், சிலிபின், ஜெலாப்பாங் என்று இந்த வட்டாரமே அப்படி நிறைந்ததுதான்.

எங்கள் தோட்டம் விலைபோனபோது எனக்குப் பத்து வயது. லாரியில் சாமான் ஏறிய பிறகு, அப்பா லயத்து வாசலில் நின்ற கறிவேப்பிலைக் கன்றை வேர் மண்ணோடு தோண்டி, பழைய பெயின்ட் டின்னில் வைத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். போகிற இடத்தில் மண் இருக்குமா என்றுகூட அவருக்குத் தெரியாது. முதல் ஐந்து மாதம் புந்தோங்கில், முறுக்கு சுட்டு விற்கும் ஒரு குடும்பத்தின் பின்கட்டு அறையில் இருந்தோம். எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்து கச்சான் பூத்தே என்னும் நொறுக்குத்தீனி வியாபாரத்தால் நிமிர்ந்த ஜனங்கள் அந்தப் பக்கம் நிறைய உண்டு. விடியுமுன்பே எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். என் பள்ளிச் சட்டையெல்லாம் கடலைமாவு வாசம். அந்த வீட்டு அம்மா முன்பணம் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்டது ஒரே கேள்வி: "எந்த ஊருப்பா?"

பிறகுதான் ஜெலாப்பாங்கில் மலிவு விலை வீடு. அந்தக் கறிவேப்பிலை இன்று கால்வாய் ஓரத்தில் கூரை உயரம் நிற்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இங்கே வீட்டுக்குப் பொதுவாக இரண்டு மாத வாடகை டெப்பாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று மூன்றரை மாதப் பணம் முதலிலேயே வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, முத்திரை வரி கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. சாவி வாங்கும் அன்றே மீட்டர், சுவர், குழாய் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். யாராவது "பழைய டோல் பக்கம்" என்று வழி சொன்னால் அங்கே டோலைத் தேடாதீர்கள். அது போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, பெயரை மட்டும் நாங்கள் விடவில்லை. காடி என்றால் கார். பசியாறியாச்சா என்றால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறோம்.

பொறியாளருக்காவது வீடு தேடும் உரிமை இருக்கிறது. உணவகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் வேலை செய்ய வந்த தம்பிமார் முதலாளி கொடுக்கும் இடத்தில்தான் படுக்கிறார்கள். மறுபடியும் வேலையோடு வந்த வீடு. தொழிலாளர் தங்குமிடத்துக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தோட்டம், சுரங்கம் போன்ற இடங்களுக்கே இருந்தது; 2019இல் திருத்தி மற்றத் துறைகளுக்கும் விரித்தார்கள். நம்மில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. உங்கள் கடை மாடியை ஒருமுறை ஏறிப் பாருங்கள். உங்கள் பாட்டி படுத்த லயத்தைவிட அது மேலாக இருக்கிறதா?

திருச்சித் தம்பிக்கு வீடு கிடைத்துவிட்டது. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடைய வீடு. வாடகையில் ஒரு காசு குறைக்கவில்லை. ஆளைப் பார்த்துப் பேசிக் கொடுத்தார், அவ்வளவுதான். நாம் கேட்பதும் அவ்வளவுதான். காலி வீடு வைத்திருக்கும் வாசகர்களே, சம்பளத்தை விசாரியுங்கள், எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. "ஊர்க்காரன்" என்று கதவைச் சாத்துவதற்கு முன்னால் மட்டும், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் தாத்தாவின் ஊராகவே இருக்கலாம்.

தோட்டத்தை விட்டு வந்தபோதோ, கப்பலிலிருந்து இறங்கியபோதோ, உங்கள் குடும்பத்துக்கு முதலில் இடம் கொடுத்தவர் யார்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்