ஆசிட் பாட்டில் வீட்டுக்காரர் கைக்குப் போகட்டும்

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நகர சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரும்புச்சத்து மாத்திரை போட்டாயா, ஸ்கேன் எடுத்தாயா என்று கர்ப்பிணிகளிடம் கேட்போம். கக்கூஸை எதை ஊற்றிக் கழுவுகிறாய் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீருக்குக் கறை சீக்கிரம் படியும். சைக்கிளில் வருபவரிடம் ஆசிட் வாங்குவார்கள். பழைய தண்ணீர் பாட்டில், லேபிள் கிடையாது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. அந்த உத்தரவு எங்கள் சந்துகளுக்குள் நுழையவே இல்லை.

ஆசிட் கறையை எடுக்கும், ப்ளீச்சிங் பவுடர் நாற்றத்தை எடுக்கும், இரண்டையும் போட்டால் பளிச்சென்றாகும் என்று நினைக்கிறார்கள். கிளம்புவதோ குளோரின் வாயு. காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குந்தித் தேய்ப்பவளின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. போதாததற்கு, கர்ப்பிணி வழக்கத்தைவிட அதிகக் காற்றை இழுப்பாள். அவளுக்கு மூச்சு முட்டினால் பிள்ளைக்கும் ஆக்சிஜன் குறையும்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளோடு ஓடினார்கள். அந்தக் குழாயை மூடும் அதிகாரம் நமக்கில்லை, போராடத்தான் முடிந்தது. வீட்டுக்குள் கிளம்பும் வாயுவைத் தடுக்க யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் பயப்படச் சொல்லவில்லை. சோப்புத்தூளும் பிரஷும் போதும். ப்ளீச்சிங் பவுடர் அவசியமென்றால் தண்ணீரில் மட்டும் கரையுங்கள், கதவு திறந்திருக்கட்டும். கடையில் விற்கும் டாய்லெட் கிளீனர் பலவற்றிலும் ஆசிட்தான், அதோடும் சேர்க்காதீர்கள். நெடி ஏறினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ நிற்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

'ஜன்னலைத் திற, கையுறை போடு' என்பார்கள். ஜன்னலே இல்லாத ஒற்றை அறையில், நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ் உள்ள இடத்தில் எதைத் திறப்பது? பிரசவம் முடியும்வரை அந்த வேலையை வீட்டுக்காரர் செய்யட்டும். கடன் வாங்கி வளைகாப்பு நடத்துபவருக்கு வாரம் ஒருநாள் பிரஷ் பிடிப்பது பெரிய செலவில்லை. பொதுக் கக்கூஸ் என்றால் அவள் முறையை மற்றக் குடித்தனங்கள் பங்கிட்டுக்கொள்ளலாம்.

மழைக்குப் பிறகு ப்ளீச்சிங் பவுடரோடு வரும் மாநகராட்சி ஊழியர், 'ஆசிட்டோடு கலக்காதீங்க' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். செக்கப் நாளில் வாசலில் நிற்கும் கணவரை செவிலியர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து இதையெல்லாம் சொல்ல வேண்டும். செய்ய வேண்டியவர் அவர்தான்.